யந்திரக் கவசமும் விரிசலும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டுக் கழிமுகத்தைக் கடந்தபின் வரும் ஊர் கோவளம். மலையாளக் கரையிலும் இப்பெயருடைய ஊர் ஒன்று உண்டு. நான் கூறுவது செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த கோவளம். சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில் மாணவர் சிலருடன் அவ்வூர்க் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். அங்கே கரையேற்றிச் சாய்த்து வைத்திருந்த பைபர் படகு ஒன்றை ஒரு பெரியவர் செப்பனிட்டுக் கொண்டிருந்தார். மோட்டாரைப் பொருத்தும் பின்பலகையின் அருகே ஒரு சாண் நீளத்திற்கு விரிசல் கண்டிருந்தது.

"ரெசின் வைத்து அடைத்துவிட்டால் தீர்ந்துவிடும் அல்லவா, ஐயா?" என்று எங்கள் மாணவன் ஒருவன் அவரை வினவினான்.

"அடைத்துவிடலாம், தம்பி. ஏன் வெடித்தது என்று பாராமல் அடைத்தால் பத்தே நாளில் பக்கத்தில் வெடிக்கும்" என்று சொல்லி, அவர் மோட்டாரை இறுக்கும் போல்ட்டு ஒன்று தளர்ந்து, அதன் துளை நீள்வட்டமாய்த் தேய்ந்திருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

அவர் கூறியது படகுக்கு மட்டும் உரிய நீதி அன்று. அவ்விடத்திற்கு வடமேற்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மீனம்பாக்கம் விமான நிலையம் உள்ளது. பழைய சிறு விமானங்களைப் பேணும் தொழிலாளர் அவற்றின் யந்திரக் கவசத்தில் விரிசலைக் காணும்போது கைக்கொள்ள வேண்டிய முறையும் இதுவே. நம் கல்லூரியில் பௌதிகமும் ரஸாயனமும் கற்பவர்களுக்கு அவ்விரு சாஸ்திரங்களும் ஒரு மெல்லிய தகட்டில் எங்ஙனம் கூடிநிற்கின்றன என்பதைக் காட்டுதற்கு இதனினும் தக்க பாடம் கிடைப்பது அரிது. ஆதலின் அதனை இங்கே சுருக்கமாய் எழுதத் துணிந்தேன்.

கவசம் யாது?

சிறு விமானத்தின் மூக்கில் யந்திரம் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்து மூடும் மெல்லிய போர்வையை ஆங்கிலர் கவுலிங் என்பர். நாம் யந்திரக் கவசம் என்போம். இது மோட்டார் வண்டியின் பானெட்டைப் போன்ற ஒரு மூடியே என்று எண்ணற்க. பானெட்டைக் கழற்றிவிட்டும் வண்டி ஓடும். கவசத்திற்கோ மூடுவதன்றி வேறு தொழில்களும் உள. காற்றின் தடையைக் குறைத்தல் ஒன்று. யந்திரத்தைக் குளிர்வித்தல் மற்றொன்று. இவ்விமானங்களின் யந்திரங்கள் பெரும்பாலும் நீரால் அன்றிக் காற்றாலேயே குளிர்பவை. கவசத்தின் முன்வாயில் நுழையும் காற்று, உள்ளே அமைந்த தடுப்புத் தகடுகளால் வழிநடத்தப்பட்டு, சிலிண்டர்களின் செதில்களுக்கு ஊடே பாய்ந்து, கீழ்வாயில் வழியே வெளியேறும். கவசம் பிளந்து இடைவெளி உண்டானால் காற்று செதில்களை நாடாமல் எளிய வழியிற் கசிந்துவிடும், சிலிண்டர் சூடேறும். அன்றியும், விரிசல் வளர்ந்து ஒரு துண்டு பிய்ந்து பறக்குமாயின், அது விமானியின் எதிரிலுள்ள கண்ணாடியையோ, பின்னுள்ள வாலையோ தாக்கக்கூடும்.

நம் நாட்டில் இக்கலையின் வரலாறு நெடியது. 1910ஆம் ஆண்டில் சென்னையில் ஓட்டல் நடத்திவந்த தாஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியார் கட்டித்தந்த விமானத்திற் பறந்து காட்டினார். அக்காலத்து விமானங்களுட் பல யந்திரத்தை மூடாமல் திறந்தபடியே பறந்தவை. பின்னர் மதராஸ் பிளையிங் கிளப் முதலிய கழகங்கள் தோன்றிய காலத்தில் ஜிப்சி மாத், டைகர் மாத் என்னும் இரட்டை இறக்கை விமானங்கள் இந்திய மாணவர்களுக்குப் பறக்கக் கற்பித்தன. அவற்றின் யந்திரங்கள் அலுமினியத் தகட்டுக் கவசம் பூண்டிருந்தன. 1958ஆம் ஆண்டில் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலிருந்து புஷ்பக் என்னும் இருவர் அமரும் விமானம் முதன்முதற் பறந்தது. 90 குதிரைச் சக்தியுள்ள யந்திரம் பூண்ட அவ்விமானத்தில் நம் நாட்டுப் பறப்புக் கழக மாணவர் அநேகர் பயின்றனர். உலகெங்கும் ஐம்பது, அறுபது ஆண்டு வயதுடைய செஸ்னா, பைப்பர் விமானங்கள் இன்றும் பறந்துவருகின்றன. வயது ஏற ஏறக் கவசத்தில் விரிசல் காண்பது இயல்பு. அவ்வியல்பின் காரணத்தை இனி ஆராய்வோம்.

விரிசல் ஏன் தோன்றுகிறது?

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர் உள்ள யந்திரம் நிமிஷத்திற்கு 2,400 முறை சுழல்கிறது என்று கொள்வோம். நான்கு வீச்சு யந்திரமாதலின் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை வெடிக்கும். ஆகவே ஒரு சுழற்சிக்கு இரண்டு வெடிப்பு, நிமிஷத்திற்கு 4,800, விநாடிக்கு 80. ஒரு மணி நேரத்தில் 2,88,000 துடிப்புகள் அத்தகட்டை உலுக்குகின்றன. விமானம் ஆயிரம் மணி நேரம் பறந்தபோது அத்தொகை 28 கோடியே 80 லட்சம் ஆகிறது.

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. பலமுறை முன்னும் பின்னுமாய் வளைத்தால் முறிகிறது. இதனை உலோகத்தின் அயர்வு என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வோலர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் இரயில் வண்டி அச்சுகளைக்கொண்டு இதனை முறைப்படி ஆராய்ந்தார். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்பிற்கு உட்பட்ட விசை எத்தனை முறை தாக்கினும் அது பெரும்பாலும் தாங்கும். அலுமினியக் கலப்புலோகங்களுக்கு அத்தகைய திட்டமான வரம்பு இல்லை. விசை சிறிதாயினும் எண்ணிக்கை பெருகப் பெருக அவை அயர்ந்துகொண்டே செல்லும். பழைய விமானத்தின் கவசம் வெடிப்பதில் வியப்பு யாதும் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் விரிசல் எங்கும் பரவலாய்த் தோன்றுவதில்லை. சில இடங்களையே நாடும். திருகாணித் துளைகள், கீல்களின் முனைகள், காற்று புகும் வாயிலின் கூரிய மூலைகள், விளக்கைத் தாங்கும் சட்டத்தின் ஓரம் ஆகியவையே அவ்விடங்கள். இவ்விடங்களில் விசை குவிகிறது. அன்றியும், திருகாணி தளர்ந்தால் தகடு அடித்துக்கொள்ளும். யந்திரத்தைத் தாங்கும் ரப்பர்த் திண்டுகள் நாட்பட இறுகித் தாழ்ந்தால், யந்திரத்தோடு கூடி அசையும் உறுப்புகள் கவசத்தின் மேல் உராயும். முன்விசிறியின் அலகில் வடு உண்டாகி எடை ஒருபுறம் சாய்ந்தால் நடுக்கம் மிகும். புகைக்குழாயின் இணைப்பு ஒழுகினால் அனல் ஓரிடத்தில் வீசித் தகட்டைக் கெடுக்கும். பராமரிப்பின்போது கவசத்தைக் கழற்றித் தரையில் எறிவதும், அதன்மேல் முழங்கையை ஊன்றுவதும் கூடக் காரணங்களே.

கோவளம் போன்ற கடற்கரைக்கு உரியது மற்றொரு காரணம். அலுமினியத்தின் மேல் இயல்பாய்ப் படியும் ஆக்ஸைடு ஏடு அதற்குக் காப்பு. உப்புக் காற்றிலுள்ள குளோரைடு அவ்வேட்டை அரித்து நுண்குழிகளை உண்டாக்கும். ஒவ்வொரு குழியும் ஒரு விரிசலுக்கு விதை. அலுமினியத் தகட்டில் எஃகுத் திருகாணி அமைந்து, இரண்டிற்கும் இடையே உப்பு நீர் புகுமாயின், அது நம் ஆய்வுசாலையிற் செய்து காட்டும் வோல்ட்டா மின்கலமே ஆகும். அம்மின்கலத்திற் கரைவது அலுமினியம்.

மசூலாப் படகின் பாடம்

இவ்விடத்தில் நம் கரையின் பழைய படகு ஒன்றை நினைவூட்டுதல் தகும். சென்னையிற் செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பலிலிருந்து இறங்குவோரை அலைகளின் ஊடே கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலை மோதும்போது அப்படகு வளைந்துகொடுத்தது. ஆணி அறைந்த விறைப்பான மேல்நாட்டுப் படகுகளோ அந்த அலையில் உடைந்தன. யந்திரக் கவசத்திற்கும் இதுவே விதி. விறைப்பாய் இறுக்கிய தகடு வெடிக்கும். அளவாக அசைய இடம்பெற்ற தகடு நெடுநாள் நிலைக்கும். கவசத்திற்கும் உடற்சட்டத்திற்கும் இடையே உராய்வைத் தடுக்கும் நாடாவை ஒட்டுவதும், யந்திரத்தை ரப்பர்த் திண்டின் மேல் அமர்த்துவதும் இக்கருத்துப்பற்றியே.

கண்டறியும் முறை

முதலில் எண்ணெயும் அழுக்கும் நீங்கக் கவசத்தைக் கழுவுதல் வேண்டும். அழுக்கு விரிசலை மறைக்கும் திரை. பின்னர் உருப்பெருக்குக் கண்ணாடியும் நல்ல விளக்கும் கொண்டு மேலே குறித்த இடங்களை உள்ளும் புறமும் நோக்குக. ரிவிட்டு ஆணியைச் சுற்றிக் கரிய பொடி கோடாய்ப் படிந்திருந்தால், அவ்வாணி தளர்ந்து அசைகிறது என்றும், தேய்ந்த உலோகமே அப்பொடி என்றும் அறிக. ஐயம் உள்ள இடத்திற் செஞ்சாயச் சோதனை செய்யலாம். ஊடுருவும் சிவப்புச் சாயத்தைத் தடவிச் சில நிமிஷங்கள் விட்டுத் துடைத்து, அதன்மேல் வெண்பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்த சாயம் ஊறி வெளிவந்து, வெள்ளையில் ஒரு செங்கோடாய்த் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எஃகுக்கு வழங்கும் காந்தப்பொடிச் சோதனை இங்கே பயன்படாது. அலுமினியம் காந்தத்திற்கு வசப்படுவதில்லை.

பரிகாரங்கள்

முதற் பரிகாரம் நுனியில் துளையிடுதல். விரிசலை நிறுத்துவதற்குத் தகட்டில் மேலும் ஒரு துளை இடுவது முரண்போலத் தோன்றும். ஆனால் அதன் உண்மை கணிதத்தில் உள்ளது. 1913ஆம் ஆண்டில் இங்கிலிஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், தகட்டிலுள்ள பிளவின் நுனியில் விசை எத்தனை மடங்கு குவியும் என்பதற்கு ஒரு வாய்பாடு கண்டார். பிளவின் அரை நீளத்தை நுனியின் வளைவு ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரட்டித்து, ஒன்றைக் கூட்டினால் அம்மடங்கு கிடைக்கும். 48 மில்லிமீட்டர் நீளமுள்ள விரிசல் ஒன்றைக் கருதுக. அதன் அரை நீளம் 24. நுனி மிகக் கூரியதாய் 0.015 மில்லிமீட்டர் ஆரம் உடையது என்று கொண்டால், 24 ஐ 0.015 ஆல் வகுக்க 1,600. அதன் மூலம் 40. ஆகவே குவியும் விசை 81 மடங்கு. அந்நுனியில் 3 மில்லிமீட்டர் துளை இட்டால் ஆரம் 1.5 ஆகிறது, 24 ஐ 1.5 ஆல் வகுக்க 16, மூலம் 4, குவியும் விசை 9 மடங்கே. எண்பத்தொன்று ஒன்பதாய்க் குறைந்தது. கூர்மையை மழுக்குவதே இத்துளையின் தொழில். 1921ஆம் ஆண்டில் கிரிபித் என்னும் விஞ்ஞானி இவ்வாராய்ச்சியை மேலும் வளர்த்து, விரிசல் வளர்வதற்கு வேண்டிய சக்தியின் கணக்கை வெளியிட்டார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியும் நுனி உண்மையான நுனி அன்று. விரிசல் சிறிது அப்பாலும் சென்றிருக்கும். துளை மெய்யான நுனியை விழுங்கவில்லையேல் அது வீண். ஆதலின் துளையிட்டபின் மீண்டும் செஞ்சாயச் சோதனை செய்து, அப்பால் விரிசல் இல்லை என்று உறுதிசெய்தல் வேண்டும். துளையின் விளிம்பிலுள்ள பிசிறையும் வழித்து நீக்குதல் வேண்டும். இதுவும் தாமதப்படுத்தும் உபாயமே; முடிவான மருந்து அன்று.

இரண்டாம் பரிகாரம் ஒட்டுத்தகடு பதித்தல். கவசத்தின் அதே கலப்புலோகத்தால், ஏறத்தாழ அதே கனத்தில், மூலைகள் வட்டமாக வெட்டிய தகட்டை உட்புறம் வைத்து ரிவிட்டு ஆணிகளால் இணைப்பர். ஆணியின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ஆணி விட்டத்தின் இருமடங்குக்குக் குறையாமலும், ஆணிக்கு ஆணி மும்மடங்குக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். 3 மில்லிமீட்டர் ஆணிக்கு ஓரத்திலிருந்து 6, இடையில் 9 மில்லிமீட்டர் என்று கொள்க. மிகக் கனத்த தகட்டை வைத்தால் வலிமை கூடும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். விறைத்த ஒட்டின் விளிம்பிலேயே அடுத்த விரிசல் தொடங்கும். எஃகுத் தகட்டை வைப்பவரோ மின்கலத்தையே வைக்கிறார். இரு தகடுகளுக்கும் நடுவே துருத்தடுப்புப் பூச்சு பூசுதல் கடற்கரைப் பிரதேசத்தில் இன்றியமையாதது.

மூன்றாவது பற்றவைத்தல். தூய அலுமினியத்தையும் சில கலப்புலோகங்களையும் பற்றவைக்கலாம். செம்பு கலந்த வலிய ரகத்தைச் சாதாரண வாயுச் சுடராற் பற்றவைத்தல் தகாது. ஆதலின் உலோகம் எது என்று அறியாமல் சுடரைக் கையில் எடுத்தல் கூடாது. அலுமினியம் 660 பாகை வெப்பத்தில் உருகும். இரும்பைப் போல் முன்னதாகச் சிவந்து எச்சரிப்பதில்லை. பழகாதவன் கண்ணெதிரே தகடு திடீரென்று ஓட்டையாகும். பற்றவைத்த இடத்தின் அருகே உலோகம் மென்மையாகிவிடுவதையும், பற்றவைக்க இட்ட உப்புச் சரக்கை வெந்நீராற் கழுவாவிடில் அது தகட்டை அரிப்பதையும் மறத்தல் கூடாது.

நான்காவது, கண்ணாடி நாராலாகிய கவசங்களுக்கு உரியது. கோவளத்துப் பெரியவர் செய்த வேலை இதற்கு நல்ல மாதிரி. அவர் விரிசலின் மேல் ரெசினை அப்பவில்லை. சுற்றிலும் அகலமாய்ச் சரிவாகத் தேய்த்து, சேதமுற்ற நாரை நீக்கித் துடைத்து, சிறு துண்டு முதலாகப் பெரிய துண்டு ஈறாக நார்ப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியவைத்தார். சரிவு அகலமாக அகலமாகப் பழையதும் புதியதும் பற்றும் பரப்பு மிகும். எனினும் படகிற்கு இட்ட ரெசினையே விமானத்திற்கு இடலாகாது. யந்திரத்தின் சூட்டில் இளகாத, அவ்விமானத்தைச் செய்தவர் தம் கைந்நூலில் விதித்த சரக்கையே வழங்குதல் வேண்டும்.

விரிசல் ஒரு தூதன்

இதுகாறும் கூறியவை தகட்டைப் பற்றியவை. இனிக் கூறுவது மனிதரைப் பற்றியது.

நம் பழைய மாணவர் ஒருவர் ஓரிடத்தில் விமானப் பராமரிப்புத் தொழில் பயின்றுவந்தார். இடத்தின் பெயர் வேண்டா. ஒருநாள் கவசத்தின் கீழ்ப்புறத்தில் விரல் நீளமுள்ள விரிசல் ஒன்றைக் கண்டு மேலாளிடம் காட்டினார். "பட்டி வைத்து வர்ணம் பூசிவிடு, நாளை காலை விமானம் பறக்க வேண்டும்" என்பது கிடைத்த விடை. வர்ணத் தூரிகையைக் கையில் எடுத்தவர், தகட்டின் உட்புறம் ஓரிடத்தில் நிறம் மாறிக் கருகியிருந்ததைக் கண்டார். தூரிகையை வைத்துவிட்டு, கவசம் முழுவதையும் கழற்றிப் பார்த்தார். புகைக்குழாயின் பிடிப்பு உடைந்து, அனல்வாயு அத்தகட்டின் மேல் வீசிக்கொண்டிருந்தது. அவ்வாயுவில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு உண்டு என்பதை ரஸாயன மாணவர் அறிவர். அது விமானியின் அறைக்குள் கசிந்தால், தாம் மயங்குகிறோம் என்பதையும் அறியாமல் அவர் மயங்குவார். மறுநாள் அவ்விமானத்திற் பறக்க இருந்தவர் பதினெட்டு வயதுப் பயிற்சி மாணவர். விமானம் பறக்கவில்லை, புகைக்குழாய் மாற்றப்பட்டது. நம் பழைய மாணவருக்கு அன்று வசவே கிடைத்தது. அவர் அதனை இன்றும் சிரித்துக்கொண்டே கூறுவார்.

அவர் விரிசலை மட்டும் மூடியிருந்தால், வந்த தூதனின் வாயை மூடியவர் ஆகியிருப்பார். விரிசல் எதிரி அன்று. உள்ளே உள்ள நோயைக் கூறவந்த தூதன். அதனைக் கேளாமல் மறைப்பதே எதிரி.

சிறிய விரிசல் பெரிய விபத்தாய் முடிந்த வரலாறு உலகம் அறிந்தது. காமெட் என்னும் ஜெட் விமானங்களுள் ஒன்று 1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி எல்பாத் தீவின் அருகிலும், மற்றொன்று அதே ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி நேப்பிள்ஸ் நகருக்கு அப்பாலும் கடலில் வீழ்ந்தன. முன்னதில் 35 பேரும் பின்னதில் 21 பேரும் மாண்டனர். பார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலை நீர்த் தொட்டியில் இருத்தி, பறக்கும்போது ஏறி இறங்கும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் செலுத்திச் சோதித்தபோது, திறப்பு ஒன்றின் மூலையில் உலோகம் அயர்ந்து பிளந்தது. கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளும் திறப்பின் மூலையருகே துளையோரத்தில் தொடங்கிய அயர்வையே காட்டின. அது அழுத்தம் தாங்கும் உடற்கூடு. நம் கவசமோ அத்துணைப் பாரம் தாங்குவதன்று. எனினும் இரண்டிலும் விரிசல் தொடங்கும் முறை ஒன்றே.

ஆகவே பழுதுபார்ப்பவன் ஒழுங்காய்ச் செய்ய வேண்டுவன இவை. விரிசலைக் கண்டால் அதன் நீளத்தைக் குறித்துவைக்க. காரணத்தைத் தேடித் திருத்துக: தளர்ந்த திருகாணியையும், இறுகிய ரப்பர்த் திண்டையும், எடை சாய்ந்த விசிறியையும், ஒழுகும் புகைக்குழாயையும் சரிசெய்க. அதன்பின் தகட்டைச் செப்பனிடுக. செப்பனிட இயலாத அளவு நைந்திருந்தால் புதிது மாற்றுக. உரிமம் பெற்ற பொறியாளர் பார்வையிட்டுக் கையொப்பம் இடாமல் விமானத்தைப் பறக்கவிடற்க. செய்த வேலையை விமானத்தின் பதிவேட்டில் ஒளியாமல் எழுதுக. அடுத்து வருபவன் அதே இடத்தை முதலில் நோக்குவான்.

மாணவ நண்பர்காள், உங்களுள் விமானத் தொழிலுக்குச் செல்வோர் சிலரே. ஆயினும் பாலம் கட்டுவோரும், மருந்து கொடுப்போரும், பள்ளியில் கற்பிப்போரும், கணக்கு எழுதுவோரும் ஆகப் பலர் செல்வீர்கள். அங்கெல்லாம் விரிசல்கள் தோன்றும். அவற்றை வர்ணம் பூசி மறைக்கச் சொல்லும் குரலும் எழும். அப்போது கோவளத்துப் பெரியவரின் சொல்லை நினைவிற்கொள்ளுங்கள். ஏன் வெடித்தது என்று முதலிற் பாருங்கள். அடைப்பது அதன் பின்னர்.